கூடாரமும் கூலியும்

அறை எடுக்க வசதியில்லாதவர் கூடாரம் அடித்தார். இங்கிலாந்தின் கடலோரத்தில் நூறாண்டுகளுக்கு முன் நிலைமை இதுதான். இன்று அதே கடலோரத்தில், விரிப்பு மாற்றிய கட்டிலும் தரைக்கம்பளமும் விறகு அடுப்பும் வைத்த கித்தான் கூடாரம் ஒன்று, பள்ளி விடுமுறை வாரங்களில் ஊருக்குள் இருக்கும் நடுத்தர விடுதி அறையைவிட அதிக வாடகைக்குப் போவதுண்டு. கிளாம்பிங் என்று அதற்குப் பெயர். பழைய கேரவன் மைதானங்களும் விடுமுறைப் பூங்காக்களும் தங்கள் புல்வெளியின் ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்குகின்றன. விவசாயிகள் மேய்ச்சல் நிலத்தில் நான்கு கூடாரம் போடுகிறார்கள்.

இதை ரசனை மாறிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பிரிட்டனில் விடுமுறைப் பூங்கா வெறும் வியாபாரமாகப் பிறக்கவில்லை. உழைப்பவர் வீட்டுக்கும் வருடத்தில் ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்ந்து வளர்ந்தது அது. ஆகவே அதை இரண்டு கேள்விகளால் அளப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். எந்தச் சம்பளத்துக்கு அது எட்டுகிறது? போய்ச் சேர்ந்த பிறகு குடும்பத்தில் யாருடைய கை ஓய்கிறது? முதல் கேள்வியைப் பொருளியல் அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

சொகுசான கூடாரம் புதிதல்ல. 1520 ஜூனில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் பிரான்சின் முதலாம் பிரான்சிஸும் கலே அருகே சந்தித்தபோது, பொன்னிழைத் துணியால் ஆன கூடாரங்கள் வயல்வெளியை மூடின. 1660களில் ஔரங்கசீப் காஷ்மீருக்குப் புறப்பட்டதை நேரில் கண்டு எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், அரசருக்கு இரண்டு தொகுதிக் கூடாரங்கள் இருந்ததைச் சொல்கிறார். ஒன்றில் அரசர் உறங்கும்போது மற்றொன்று அடுத்த தங்குமிடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும். அரசர் தன் கையால் ஒரு கயிற்றையும் கட்டவில்லை. கூடாரத்தைச் சொகுசாக்குவது பட்டுத்துணி அல்ல, அதைக் கட்டி அவிழ்க்க வேறு ஆள் இருப்பதுதான்.

பொதுமக்களின் கூடார வாழ்க்கை இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்கியது. தாமஸ் ஹைரம் ஹோல்டிங் ஒரு தையல்காரர். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகக்கூடிய எடை குறைந்த கூடாரங்களை வடிவமைத்தார். 1901இல் சைக்கிள் முகாமாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் முகாமாளர் கையேட்டை எழுதினார். அவருடைய உலகில் அடிப்பது, சமைப்பது, கழுவுவது, மடிப்பது எல்லாம் போகிறவர் வேலை. அவருக்குச் சற்று முன்னால், 1894இல், ஐல் ஆஃப் மேன் தீவில் ஜோசப் கன்னிங்ஹாம் வேறொரு முகாம் திறந்திருந்தார். இளைஞர்களுக்கு மட்டும், மதுவுக்கு இடமில்லை, படுக்கக் கூடாரம், சாப்பாடு முகாமிலேயே. பெண்களும் குழந்தைகளும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

குடும்பங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு முக்கியமாகப் படுவது 1906இல் நார்ஃபோக் கடலோரத்தில் கெய்ஸ்டரில் எழுந்த முகாம். தொடங்கியவர் ஜான் ஃபிளெட்சர் டாட், மளிகைக் கடைக்காரர், சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்காரர். அங்கேயும் மது கிடையாது, இரவு 11 மணிக்குமேல் சத்தம் கூடாது. வந்தவர்கள் முகாம் வேலைகளில் பங்கெடுக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. ஓய்வு வேண்டுமானால் வேலையைப் பங்கிடு என்பதே அதன் உள்ளர்த்தம். வீட்டில் ஒருத்தி தலையில் விழும் வேலை அங்கே பலர் கைக்குப் போனது. அந்தப் பாதையில் விடுமுறைத் தொழில் தொடர்ந்து போகவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அது போன பாதை பில்லி பட்லினுடையது. கேப் டவுனில் 1899இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, இங்கிலாந்துக்கு வந்து திருவிழாக்களில் விளையாட்டுக் கடை போட்டுப் பிழைத்தவர். வேல்ஸில் பாரி தீவில் அவர் கண்ட காட்சியைத் தானே பின்னர் சொல்லியிருக்கிறார். தங்கும் விடுதிகளின் உரிமையாளப் பெண்கள் காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த சாப்பாடு வரை உள்ளே வரக்கூடாது. மழையில் குடும்பங்கள் போக்கிடம் இல்லாமல் நனைந்து நிற்கும். அக்கால விடுதிகளில் மேசையில் இருக்கும் உப்பு மிளகுக் குப்பிகளுக்குக்கூடத் தனிக்கட்டணம் வாங்கிய கதைகள் ஏராளம். மழை பெய்தாலும் குடும்பம் உட்கார்ந்து சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் பட்லின் கண்டுகொண்டது.

1936 ஏப்ரல் 11 அன்று லிங்கன்ஷர் கடலோரத்தில் ஸ்கெக்னஸுக்கு வடக்கே இங்கோல்ட்மெல்ஸில் அவருடைய முதல் முகாம் திறந்தது. திறந்து வைத்தவர் விமானி ஏமி ஜான்சன். கட்டணம் பருவத்தைப் பொறுத்து வாரத்துக்கு 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை. மூன்று வேளைச் சாப்பாடும் கேளிக்கைகளும் அதில் அடக்கம். வரிசை வரிசையாகச் சிறு மரவீடுகள், மின்விளக்கு, கை கழுவத் தண்ணீர்த் தொட்டி, குளியலறை பொது. ஒரு வாரச் சம்பளத்துக்கு ஒரு வார விடுமுறை என்பது அதன் விளம்பரம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கட்டணம் தலைக்கு. நான்கு பேர் கொண்ட தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரு வாரச் சம்பளம் போதாது. ஆகவே முதல் ஆண்டுகளில் வந்தவர்களில் குமாஸ்தாக்களும் தேர்ந்த தொழிலாளர்களும் அதிகம். ஏழைக் குடும்பங்களின் முகாம் என்ற பிற்கால நினைவு கொஞ்சம் பூசி மெழுகியது.

கதவைத் திறந்துவிட்டது சட்டம். ஆம்யூல்ரீ பிரபு தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. அதற்கு முன் விடுமுறை என்றால் பெரும்பாலான தொழிலாளர்களுக்குச் சம்பளமில்லாத வாரம். லங்காஷர் பருத்தி ஆலைகளில் வேலை செய்தவர்கள் நம் ஊர்த் தீபாவளிச் சீட்டைப் போல வாராவாரம் சிறு தொகை கட்டிச் சேர்த்து, ஆலை மூடும் வாரத்தில் எடுத்துக்கொண்டு பிளாக்பூலுக்குப் போவார்கள். அந்த ஆலை மூடும் வாரத்தை நினைவில் வையுங்கள். கடைசியில் அதற்குத் திரும்புவேன்.

போரின்போது ஸ்கெக்னஸ் முகாம் கடற்படையின் பயிற்சித் தளமானது. போருக்குப் பின் இருபது ஆண்டுகள் முகாம்களின் பொற்காலம். ரிங்கோ ஸ்டார் 1962 கோடையில் ஸ்கெக்னஸ் பட்லின்ஸில் வேறொரு குழுவுக்கு முரசு வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பீட்டில்ஸிலிருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கி எழுப்பும் காலை, மணியடித்தால் சாப்பாடு, சிவப்புக் கோட்டு ஊழியர்கள் நடத்தும் போட்டிகள். இதையெல்லாம் படித்த வர்க்கத்தினர் கேலி செய்தார்கள். பட்டாளத்து முகாம் என்றார்கள்.

அவர்கள் பார்க்கத் தவறியது அந்த வீட்டுப் பெண்ணை. வருடம் முழுக்க அடுப்படியில் நின்றவள் அங்கே ஒரு வாரம் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாத்திரம் துலக்கவில்லை. அடுத்த வேளைக்கு என்ன என்று யோசிக்கவில்லை. இரவில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவள் நடன அரங்குக்குப் போகலாம்; ஊழியர்கள் மரவீட்டு வரிசைகளைச் சுற்றிவந்து காது கொடுப்பார்கள்; எந்த வீட்டில் குழந்தை அழுகிறதோ அதன் எண் அரங்கத்தில் தெரிவிக்கப்படும். இன்றைய பார்வையில் குழந்தையைத் தனியே விட்டுப் போவது பதைக்க வைக்கலாம். ஆனால் ஒரு தாய்க்கு மாலை நேரம் என்று ஒன்று இருக்கலாம் என ஒப்புக்கொண்டு, அதற்கு ஆளும் ஏற்பாடும் செய்த நிறுவனங்கள் அந்தக் காலத்தில் எத்தனை? மணியடித்துச் சாப்பிடுவது பட்டாள ஒழுங்காகத் தெரிவது, சமைக்கும் பொறுப்பு என்றுமே தன்மேல் இல்லாதவருக்குத்தான்.

பிறகு அந்த வேலை மெதுவாக அவளிடமே திரும்பியது. கேரவன்கள் பெருகின. 1960இல் கேரவன் மைதானங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, ஸ்கெக்னஸிலிருந்து மேபிள்தோர்ப் வரை நீளும் கடலோரம் நிலையாக நிறுத்திய கேரவன்களின் நாடாகிக்கொண்டிருந்தது. கேரவனில் சின்னதாக ஒரு சமையல் மேடை உண்டு. பட்லின்ஸும் தானே சமைத்துக்கொள்ளும் வீடுகளைத் தரத் தொடங்கியது. விருப்பப்பட்ட நேரத்தில் எழலாம், விருப்பப்பட்டதைச் சாப்பிடலாம், சுதந்திரம் என்றார்கள். செலவும் குறைந்தது. குறைந்த செலவின் ஒரு பகுதியை அந்தச் சமையல் மேடைக்கு முன் நின்றவள் தன் உழைப்பால் கட்டினாள். எந்த விலைப்பட்டியலிலும் அது ஏறவில்லை. 1983இல் ஃபைலி, கிளாக்டன் முகாம்கள் மூடின. வெளிநாட்டு வெயிலுக்கு மலிவு விமானம் கிடைத்ததைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்கிறார்கள். ஸ்பெயினின் தொகுப்புப் பயணங்களில் சமைத்த சாப்பாடும் சேர்ந்தே கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தில் விளையாட்டுப் பொருள் வணிகர் பீட் டெர்க்சன் 1968இல் லிம்பர்க் மாகாணக் காட்டுக்குள் வேறொரு மாதிரியைத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் யாப் பாக்கெமா வடிவமைத்த சிறு வில்லாக்கள், ஒவ்வொன்றும் மரங்களைப் பார்த்தபடி. சென்டர் பார்க்ஸ் ஆக வளர்ந்த அந்த நிறுவனம் 1987இல் இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டுக்கு வந்தது. கண்ணாடிக் கூரைக்கடியில் வருடம் முழுதும் வெதுவெதுப்பான நீச்சல் குளம் இருந்ததால் பருவம் என்ற கட்டு அறுந்தது. வாரமும் உடைந்தது: வெள்ளி முதல் திங்கள், திங்கள் முதல் வெள்ளி என்று இரண்டு துண்டாக விற்றார்கள். நடுத்தர வர்க்கக் குடும்பம் உள்நாட்டுப் பூங்காவுக்கு வெட்கப்படாமல் போகத் தொடங்கியது இதிலிருந்துதான். கிளாம்பிங்குக்கு நிலத்தைப் பண்படுத்தியதும் இதுவே.

இப்போது அந்தச் சொகுசுக் கூடாரத்துக்குள் நுழைந்து பார்ப்போம். அது எந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது? கூடாரம் அடிக்க வேண்டாம், மெத்தை சுமக்க வேண்டாம், படுக்கை விரிக்க வேண்டாம், திரும்பும் நாளில் ஈரக் கித்தானை மடிக்க வேண்டாம். எது மிஞ்சுகிறது? சமையல். அதுவும் பல இடங்களில் வீட்டைவிடக் கடினமான சமையல்: விறகு பற்றவைத்து, தண்ணீரை வெளிக்குழாயிலிருந்து கொண்டுவந்து, பாத்திரங்களைப் பொதுத் தொட்டிக்கு எடுத்துப் போய்க் கழுவி. குடும்பத்தில் வழக்கமாக ஆண் செய்யும் முகாம் வேலைகளைக் கிளாம்பிங் எடுத்துக்கொண்டது. வழக்கமாகப் பெண் செய்யும் வேலைகளை அழகான வெளிச்சத்தில் விட்டுவைத்தது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். நெருப்பு மூட்டிச் சமைக்கும் தந்தைகள் நிறைய உண்டு. ஆனால் பொருளின் அமைப்பு எதை நீக்கியது, எதை விட்டது என்பது தெளிவாகவே இருக்கிறது. காலைச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து கூடார வாசலில் வைக்கும் பூங்காக்களும் உண்டு. என் கணக்கில், செப்புக் குளியல் தொட்டியைவிட அந்தக் கூடைக்குத்தான் மதிப்பு.

அழகுக்காகத் திரும்பக் கொண்டுவரப்பட்ட பழைய பொருள்கள் தங்கள் பழைய ஆபத்தையும் கூடவே கொண்டுவருகின்றன. ஆடுகள் குட்டி ஈனும் காலத்தில் மேய்ப்பர்கள் வயலில் தங்கிய சக்கர வண்டிக் குடில் இன்று கிளாம்பிங்கின் அடையாளங்களில் ஒன்று. தாமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட ‘ஃபார் ஃபிரம் த மேடிங் கிரவுட்’ நாவலின் நாயகன் அப்படியொரு குடிலில்தான் காற்றுத் துளைகளை மூடி, அடுப்பை எரியவிட்டுத் தூங்கி, சாவின் விளிம்புவரை போய் மீள்கிறான். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அடைத்த கூடாரத்திலும் இதையே செய்யும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியடுப்பைக் குளிருக்காக உள்ளே எடுத்துவைத்துத் தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். விறகு அடுப்பு வைத்த கூடாரத்தில் குடும்பம் தங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புகைப்போக்கியும், வாயு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்பதும்தான்.

பூங்காக்களின் விலை உயர்ந்த மறுமுனையில் நிற்பது மர லாட்ஜ். மரத்தளத் திண்ணை, வெந்நீர்த் தொட்டி, மூன்று படுக்கையறை. பார்த்தால் வீடு. சட்டத்தின் கண்ணில் அது பெரும்பாலும் கேரவன். 1968 சட்டத்தின்படி இரண்டு பகுதிகளாகக் கொண்டுவந்து இடத்தில் இணைத்து, தேவைப்பட்டால் நகர்த்தக்கூடியதாக இருந்தால் அது கேரவனே. இங்கிலாந்தில் 2006 முதல் நீளம் 20 மீட்டர், அகலம் 6.8 மீட்டர் வரை. இந்த வரையறையால்தான் வீடு கட்ட அனுமதி கிடைக்காத கடலோரத்திலும் காட்டோரத்திலும் லாட்ஜ்கள் எழ முடிகிறது. சேமிப்பைப் போட்டு அதை வாங்கும் குடும்பத்துக்கு நிலம் சொந்தமில்லை. கிடைப்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உரிமம் மட்டும், இடவாடகை வருடாவருடம், வாங்கிய பொருளின் மதிப்போ கார்போல இறங்கும். உரிமம் முடிந்தால் அதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வருடம் முழுக்க அங்கே குடியிருக்கவும் முடியாது. அதற்கு ஒரு சோகமான நியாயம் உண்டு. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கியபோது இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். எசெக்ஸில் ஜேவிக்கில் கோடைக்கென்று கட்டிய மெல்லிய வீடுகளில் குளிர்காலத்திலும் வாழ்ந்தவர்கள் பலர் அதில் போனார்கள். லிங்கன்ஷர் கடலோரக் கேரவன்களைக் குளிர்காலத்தில் மூட வைப்பதற்குப் பின்னால் இந்த வெள்ள அபாயம் இருக்கிறது.

இதுவரை விருந்தாளிகளைப் பற்றியே பேசினோம். விரிப்பு மாற்றிய கட்டில் தானாக மாறுவதில்லை. ஒரு குடும்பம் காலையில் வெளியேறி அடுத்தது மாலையில் நுழைவதற்குள் சில மணி நேரம்; அதற்குள் நூற்றுக்கணக்கான கேரவன்களையும் கூடாரங்களையும் துடைத்து முடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கடலோர ஊர்களின் பெண்கள். பருவம் முடிந்தால் வேலையும் முடியும். கடலோர ஊர்களின் எதிர்காலம் பற்றிய பிரபுக்கள் சபைக் குழு 2019இலும், தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி தம் 2021 அறிக்கையிலும் இந்த ஊர்களின் வறுமையையும் உடல்நலக் குறைவையும் விரிவாகப் பதிவு செய்தார்கள். ஒருத்தியின் கை ஓய இன்னொருத்தியின் கை இரட்டிப்பாக ஓடுவது கெய்ஸ்டர் முகாமின் கனவு அல்ல.

உள்ளே வர யாருக்கு உரிமை என்பதும் தீர்ந்துபோன பழைய கேள்வி அல்ல. விடுமுறைப் பூங்காக்கள் நடத்தும் போன்டின்ஸ் நிறுவனம் ஐரிஷ் குடும்பப் பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாடோடிச் சமூகத்தினரின் முன்பதிவுகளைத் தடுத்தது 2021இல் வெளிவந்தது. சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2024 பிப்ரவரியில் அது சட்டத்துக்குப் புறம்பான பாகுபாடு என்று அறிவித்தது. வழிவழியாகச் சக்கர வீட்டில் வாழ்ந்த மக்களுக்குக் கேரவன் பூங்காவில் இடமில்லை என்று பட்டியல் போட்ட கொடுமையை எப்படிச் சொல்வது!

இனி விலைக்கு வருவோம். தொழிலாளிக்கு இன்று ஒரு வாரமல்ல, பிரிட்டிஷ் சட்டப்படி ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பள விடுப்பு உண்டு. ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்த வாரம் என்பது அவர்கள் கையில் இல்லை. ஆகஸ்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். இருக்கும் இடமோ அவ்வளவுதான். தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்கும் கணினி முறை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. பள்ளி நாட்களில் மலிவாகக் கிடைக்கும் அதே கூடாரம் விடுமுறை வந்ததும் பல மடங்கு ஏறும். பள்ளி நாளில் அழைத்துப் போகலாமா என்றால், இங்கிலாந்தில் 2013க்குப் பிறகு விதிவிலக்கான காரணம் இல்லாமல் தலைமையாசிரியர் அனுமதி தரமுடியாது. ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் தோற்றார். 2024 ஆகஸ்டிலிருந்து அபராதம் 80 பவுண்டு, தாமதித்தால் 160. பெற்றோர் ஒவ்வொருவருக்கும், குழந்தை ஒவ்வொன்றுக்கும். அபராதத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் பள்ளி நாளே லாபம் என்று சில குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. அபராதம் கட்டவும் முடியாத குடும்பங்கள் போவதே இல்லை. அத்தகையவர்களுக்குச் சில நாள் ஓய்வு ஏற்பாடு செய்வதற்காகவே 1975 முதல் ஓர் அறக்கட்டளை இயங்க வேண்டியிருக்கிறது. பிரான்ஸ் 1982இல் ஊழியரும் முதலாளியும் சேர்ந்து பணம் போடும் விடுமுறைச் சீட்டுகளைக் கொண்டுவந்தது; முகாம் மைதானங்களில் அவை செல்லும். பிரிட்டனில் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

ஆலை மூடும் வாரம் இங்கேதான் நினைவுக்கு வருகிறது. லங்காஷரில் எல்லா ஊரும் ஒன்றாக மூடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓர் ஊர் இந்த வாரம், மற்றோர் ஊர் அடுத்த வாரம் என்று முறை வைத்து மூடின. பிளாக்பூலின் படுக்கைகள் கோடை முழுக்க ஒரே சீராக நிரம்பின. ஸ்கெக்னஸுக்கு வந்த லெஸ்டர் தொழிலாளர்களுக்கு ஜூலையில் இரண்டு வாரம் தனி. யாரும் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. கூட்டம் பிரிந்ததே விலையை ஏறாமல் பிடித்து வைத்தது. ஜெர்மனி இதைத் திட்டமிட்டே செய்கிறது: 1964 ஹாம்பர்க் ஒப்பந்தத்தின் வழியில் 16 மாநிலங்களின் கோடை விடுமுறைகள் ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை பிரித்து வைக்கப்படுகின்றன. டெர்க்சனின் நெதர்லாந்து நாட்டை மூன்று மண்டலமாக்கி விடுமுறையைத் தள்ளித் தள்ளி வைக்கிறது.

இங்கிலாந்தில் இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். பல பள்ளிகளின் விடுமுறைத் தேதிகளை உள்ளாட்சி மன்றங்களே நிர்ணயிக்கின்றன; அவற்றின் கட்டுப்பாட்டில் இல்லாத அகாடமிப் பள்ளிகள் தங்கள் தேதியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். லெஸ்டர்ஷர் பள்ளிகள் இன்றும் பழைய ஆலைக் காலத்தின் எச்சமாக மற்ற மாவட்டங்களுக்கு முன்பே கோடை விடுமுறை விடுகின்றன. ஆகவே ஜூலை நடுவில் பிற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது லெஸ்டர்ஷர் குடும்பம் ஒன்று ஸ்கெக்னஸ் கேரவனுக்கு முன்பதிவு செய்ய முடிகிறது, ஆகஸ்ட் விலை தொடங்குவதற்கு முன்னால்.